தாத்தாவின் கைநாட்டு

அன்பு மகளுக்கு,

பெர்த்திலிருந்து நீ கேட்டது ஒரே ஒரு கேள்விதான்: இங்கேயே ஆஸ்திரேலியக் குடியுரிமை எடுத்துக்கொள்ளட்டுமா அப்பா? சிங்கப்பூரில் இரட்டைக் குடியுரிமை கிடையாது. அதை வாங்கினால் இதைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். பதில் எழுத எனக்கு மூன்று வாரம் பிடித்தது. அலமாரியைக் குடைந்து தாத்தாவின் குடியுரிமைப் பத்திரத்தைக் கண்டெடுத்த பிறகுதான் பேனாவைத் தொட்டேன்.

தாத்தாவுக்கு எழுத்து வாசனை கிடையாது. செம்பவாங் கடற்படைத் தளத்தில் கூலி வேலை. மாலையில் காப்பிக் கடையில் ஒருவர் தமிழ் முரசு நாளிதழை உரக்கப் படிப்பார். மற்றவர்கள் சுற்றி உட்கார்ந்து கேட்பார்கள். நாலு காசு சேர்த்து ஊரில் காணி நிலம் வாங்கிவிட வேண்டும், அவ்வளவுதான் அவர்களுடைய கணக்கு. அந்தக் கணக்கைக் கலைத்தவர் முரசின் ஆசிரியர் கோ. சாரங்கபாணி. 1957இல் குடியுரிமைச் சட்டம் வந்தபோது, பதிந்துகொள்ளுங்கள் என்று தொழிலாளர்களை விடாமல் நச்சரித்தார். கேட்டுக் கேட்டுச் சலித்துப்போய்த்தான் கைநாட்டு வைத்தேன் என்பார் தாத்தா.

சாரங்கபாணியும் பிழைக்க வந்தவர்தான். 1903இல் திருவாரூரில் பிறந்து, 1924இல் இங்கே வந்தார். பெரியார் 1929இல் மலாயாவுக்கு வந்துபோன சூட்டில் வளர்ந்த சீர்திருத்தக்காரர்களில் ஒருவர். 1935இல் முரசைத் தொடங்கினார். சாதியை ஏட்டில் சாடிவிட்டு வீட்டில் கும்பிடுகிறவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். இவரோ ஒரு பெரனாக்கான் சீனப் பெண்ணை, அதாவது மலாய் வழக்கங்கள் கலந்த பழைய சீனக் குடும்பத்துப் பெண்ணை, மணந்தவர். 1952இல் தமிழர் திருநாளைத் தொடங்கியதும் அந்தப் பிடிவாதத்தில்தான்: பொங்கலையொட்டி எல்லா மதத்தாரும் சாதி பாராமல் ஒரே பந்தலில் கூட வேண்டும் என்று. முரசின் மாணவர் பகுதியான மாணவர் மணிமன்றத்தில் உன் பெரியப்பாவின் எட்டு வரிக் கவிதைகூட வந்தது. கவிதை சுமார்தான். தாத்தா அதை வாசிக்கத் தெரியாமலே சட்டைப்பையில் வைத்துக்கொண்டு திரிந்தார்.

குறை இல்லாத மனிதரா? 1963இல் அவருடைய ஊழியர்களே வேலைநிறுத்தம் செய்து முரசு கொஞ்ச காலம் நின்றுபோனது. தொழிலாளர் பக்கம் நின்ற ஏட்டுக்கே அந்த நிலை. அதையும் நீ தெரிந்துகொள்ள வேண்டும்.

போன வாரம் விக்டோரியா ஸ்திரீட் நூலகத்தில் பழைய முரசுகளைப் புரட்டினேன். இந்த மண்ணை விட்டுப் போகாதே என்று அவர் சொன்னதாகவே இத்தனை காலம் நினைத்திருந்தேன். உனக்கும் அதையே எழுத இருந்தேன். வாசித்தபோது வேறாகப் பட்டது. உழைக்கிற ஊரில், பிள்ளை படிக்கிற ஊரில், உன் வாய்க்கும் ஒரு ஓட்டு இருக்கட்டும் என்பதுதான் அவருடைய கவலை. உன் பிள்ளைகள் படிப்பது பெர்த்தில். என்னால் வேண்டாம் என்று சொல்ல முடியவில்லை. வருத்தம் இல்லை என்றும் சொல்லமாட்டேன்.

பத்திரத்தின் நகலை இதனுடன் வைத்திருக்கிறேன். பெருவிரல் ரேகை இன்னும் மங்கவில்லை. மடிக்காமல்தான் உறையில் போட்டேன், நீயும் மடிக்காதே.

அப்பா
ஈசூன்