பழுதில்லாத வட்டை அழித்த கதை

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கடலூர் மஞ்சக்குப்பத்தில், சிறு கடைகளுக்கு வரவு செலவுக் கணக்கு எழுதிக் கொடுக்கும் அலுவலகம் ஒன்றை நடத்தி வருகிறேன். 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்து, பின்பு மின்சாரம் திரும்பிய நாளில் எங்களுக்கு நேர்ந்த ஒரு கணினிச் சிக்கல் பிறருக்கும் நேரக்கூடியது என்பதால் இதை எழுதுகிறேன்.

அலுவலகத்தில் மூன்று கணினிகள் உள்ளன. கணக்குக் கோப்புகள் யாவும் என் மேசைக் கணினியில் இருக்க, அந்தக் கோப்புறை மற்ற இரண்டிலும் 'இசட்' டிரைவாக மேப் செய்யப்பட்டிருந்தது, அதாவது நெட்வொர்க் வழியே இசட் என்ற எழுத்தில் தெரியும்படி இணைக்கப்பட்டிருந்தது. அன்று காலை அந்த இரண்டிலும் இசட் எழுத்தின் மேல் சிவப்புப் பெருக்கல் குறி விழுந்து, நெட்வொர்க் பாதையைக் காணவில்லை என்ற செய்தி வந்தது. ஒன்றைப் பழுதுபார்க்கும் கடைக்கு எடுத்துச் சென்றேன். ஹார்டு டிஸ்க்கில் கோளாறு, ஃபார்மேட் செய்து விண்டோஸைப் புதிதாக ஏற்ற வேண்டும் என்றார்கள். நானும் விவரம் புரியாமல் தலையசைத்தேன். திரும்பி வந்த கணினியில் இசட் அப்போதும் இல்லை. ஆனால் அதன் முகப்பில் ஸ்கேன் செய்து வைத்திருந்த இரண்டு ஆண்டு ரசீதுகள் அடியோடு போயிருந்தன.

இசட் என்பது வட்டே அல்ல என்பதைப் பிறகு என் அண்ணன் மகன்தான் விளக்கினான். ஏ, பி என்ற எழுத்துகள் பிளாப்பி காலத்தில் அமைந்தவை; சி கணினிக்குள் இருக்கும் வட்டு; மேப் செய்த எழுத்தோ வேறொரு கணினியில் உள்ள கோப்புறைக்கு நாம் இட்ட செல்லப்பெயர். அப்படியிருக்க, அலுவலகத்தை விட்டுக் கடைக்கு எடுத்துப் போன கணினியில் இசட் எப்படித் தெரியும்? காரணமும் எளியதுதான். என் கணினியின் முகவரி 192.168.1.5 என்ற எண்ணாகவே மேப்பில் எழுதப்பட்டிருந்தது. ரூட்டர் மறுபடி இயங்கியபோது அந்தக் கணினிக்கு வேறு எண்ணைக் கொடுத்துவிட்டது. எண்ணுக்குப் பதிலாகக் கணினியின் பெயரை இட்டு, ரூட்டரிலும் அந்த எண்ணை நிலையாக ஒதுக்கியதும் வேலை முடிந்தது. பத்து நிமிடம்கூட ஆகவில்லை.

மின்தடைக்குப் பின் இன்னொன்றும் நடக்கிறது. கணினி சட்டென்று எழுந்துவிடும், ரூட்டர் எழ நேரமாகும். அதனால் எல்லா டிரைவ்களையும் மீண்டும் இணைக்க முடியவில்லை என்ற அறிவிப்பு வரும். சற்றுப் பொறுத்து அந்த எழுத்தின் மேல் இருமுறை தட்டினால் பெரும்பாலும் திறந்துவிடும். திறக்காவிட்டால், முகவரிப் பெட்டியில் இரண்டு பின்சாய்கோடுகளை இட்டு மற்றக் கணினியின் பெயரைத் தட்டிப் பார்க்கலாம். அங்கே கோப்புறை தென்பட்டால் கோளாறு மேப்பில் மட்டுமே. அந்த எழுத்தின் இணைப்பைத் துண்டித்துப் புதிதாக மேப் செய்தால் போதும். கடவுச்சொல் கேட்டு மறுத்தால், அங்கே நாம் இடுவது பின் (PIN) எண்ணா என்று பார்க்க வேண்டும், ஏனெனில் கணினியைத் திறக்கும் பின் எண் நெட்வொர்க்கில் செல்லாது, கணக்கின் கடவுச்சொல்தான் வேண்டும். பென்டிரைவ் செருகும்போது அது நாம் மேப் செய்யக் கருதிய எழுத்தைப் பிடித்துக்கொள்வதும் உண்டு. இசட், ஒய் எனக் கடைசி எழுத்துகளைத் தேர்ந்தெடுப்பது அதனால்தான்.

பல கணினிகளும் கோப்புகளை வைக்க நெட்வொர்க்கில் இணைக்கும் சேமிப்புப் பெட்டியில் பழையதை வைத்திருப்போர் நிலை வேறு; அத்தகைய பெட்டி பழைய பகிர்வு முறையையே நம்பியிருக்கலாம். 2017 மே மாதம் வான்னாக்ரை வைரஸ் பரவியது எஸ்எம்பி1 என்ற பழைய பகிர்வு முறையின் ஓட்டை வழியாகத்தான். அவ்வாண்டின் பிற்பகுதியில் வந்த விண்டோஸ் 10 பதிப்பு முதல் எஸ்எம்பி1 தானாக நிறுவப்படுவதில்லை. விண்டோஸ் 11இன் 24எச்2 பதிப்பு, கடவுச்சொல் இல்லாத விருந்தினர் பகிர்வையும் புரோ வகையில் தடுத்துவிட்டது. இதைச் 'சரிசெய்வதாக' எஸ்எம்பி1ஐ மீண்டும் இயக்கித் தருகிறவர்கள் இருக்கிறார்கள். அது திருட்டுக்குப் பயந்து பூட்டிய கதவைக் காற்றுக்காகத் திறந்து வைப்பது போன்றது. பெட்டியை மாற்றுவதே நல்லது.

பழுதுபார்ப்போரைக் குறைகூறுவது என் நோக்கமன்று. பெரும்பாலோர் வேலையிலேயே கற்றுக்கொண்ட இளைஞர்கள். ஃபார்மேட் எல்லா நோய்க்கும் மருந்து என்று அவர்களுக்கு யாரோ சொல்லிக் கொடுத்துவிட்டார்கள். எந்த எழுத்து தெரியவில்லை, அது இந்தக் கணினியின் வட்டா, வேறு கணினியில் உள்ளதா என்று முதலில் கேட்கட்டும். அழிக்கத்தான் வேண்டுமென்றால், எவையெவை அழியும் என்பதை ரசீதில் எழுதி, வாடிக்கையாளரிடம் கையொப்பம் பெற்ற பின் அழிக்கட்டும். எனக்குக் கிடைத்த ரசீதில் 'டிரைவ் சரிசெய்தது' என்று மட்டுமே எழுதியிருந்தது.

இப்படிக்கு,
கணக்கு எழுதும் வாசகர் ஒருவர்,
மஞ்சக்குப்பம், கடலூர்.