டைல்ஸ் பில்லில் சதுர மீட்டர் வரட்டும்

ஆசிரியருக்கு,

மளிகைக் கடையில் கிலோவும் லிட்டரும் வேரூன்றி அறுபது ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. கட்டுமானப் பொருள் கடைகளில் மட்டும் இன்னும் பாதி மெட்ரிக், பாதி அடி. கம்பி என்றால் எட்டு எம்.எம்., பத்து எம்.எம்.; சிமென்ட் 50 கிலோ மூட்டை. இதில் எந்தக் கொத்தனாரும் தடுமாறுவதில்லை. டைல்ஸ் என்று வந்ததும் பேச்சு சதுர அடிக்குத் தாவிவிடுகிறது. பணம் கசிவது அங்கேதான்.

'ரெண்டுக்கு ரெண்டு' என்று விற்கும் டைல்ஸின் உண்மையான அளவு 600 மி.மீ.க்கு 600 மி.மீ. இரண்டடி என்பதோ 609.6 மி.மீ. ஆகவே ஒரு கல் 4 சதுர அடி வராது, 3.875தான். நான்கு கல் அடங்கிய பெட்டியில் 1.44 சதுர மீட்டர் என்று அச்சிட்டிருக்கும். அது 15.5 சதுர அடி. அப்படியே பில் போடுகிற கடைகள் உண்டு. 16 என்று போடுகிற கடைகளும் உண்டு. அடி 50 ரூபாய் என்றால் பெட்டிக்கு 25 ரூபாய் அதிகம்.

இதைவிடப் பெரிய தொல்லை எண்ணிக்கையில் வரும். தரை 100 சதுர மீட்டர் என்று வையுங்கள். வெட்டுச் சேதாரத்துக்கு 5 சதவீதம் சேர்த்தால் 105. அதை 1.44-ஆல் வகுத்தால் 73 பெட்டி. அதே 105 சதுர மீட்டரை 1,130 சதுர அடி என்று கணக்கிட்டு 16-ஆல் வகுப்பவர் 71 பெட்டி வாங்கி வருவார். கல்லுக்குக் கல் விடும் 2, 3 மி.மீ. இடைவெளி இந்தக் குறையை ஈடுகட்டாது. கடைசி அறையில் கல் தீர்ந்த பிறகு மறுபடி கடைக்குப் போனால், டிசைன் அதேதான், பேட்ச் (ஒரே தடவையில் தயாரித்த தொகுதி) வேறாக இருக்கும். பக்கத்தில் வைத்தால் ஷேடு காட்டிக்கொடுத்துவிடும்.

கடைக்காரர்களின் தயக்கமும் புரிகிறது. பலகையில் 'அடி 50' என்றால் மலிவாகத் தெரியும். அதே விலை 'சதுர மீட்டர் 538' என்றால் வந்தவர் மிரளுவார். கொஞ்ச காலம் இரண்டையும் எழுதட்டும். பில்லில் மட்டும் பெட்டி எண்ணிக்கையும் சதுர மீட்டரும் இருக்கட்டும்.

கல்லை உடைத்துத் தயாரிக்கும் மணலான எம்-சாண்டிலும் இதே கதை. ஒரு யூனிட் என்பது 100 கன அடி, அதாவது 2.83 கன மீட்டர். லாரித் தொட்டியின் உள் நீளம் 4.2 மீட்டர், அகலம் 2.1 மீட்டர் என்றால், இரண்டு யூனிட்டுக்கு மணல் 64 செ.மீ. உயரம் நிற்க வேண்டும். நடுவில் குவித்து, மூலைகளில் தாழ்த்தி வருவார்கள். இறக்கும் முன் மட்டம் பார்த்து, நான்கு மூலையிலும் அளக்க வேண்டும். லேசான ஈரத்தில் மணல் உப்பி இடத்தை அடைத்துக்கொள்ளும் என்பதையும் மறக்கக் கூடாது.

2009-ஆம் ஆண்டின் சட்டமுறை எடையளவுச் சட்டம், விலை சொல்வதையே மெட்ரிக் அளவில்தான் சொல்லச் சொல்கிறது. பூக்காரம்மாவின் முழத்தை யாரும் பிடுங்க வேண்டாம். லட்சக்கணக்கில் பில் போடும் கடைகளின் விலைப் பலகையை, தராசுக்கு முத்திரை பார்க்க வரும் ஆய்வாளர்கள் ஒருமுறை அண்ணாந்து பார்க்கலாமே.

– ஒரு வாசகர், திருச்சி