வள்ளம் இறக்கும் சரிவில் முறை காப்போம்

ஆசிரியர் அவர்களுக்கு,

காசல்ரீ, மவுஸ்ஸாகலை நீர்த்தேக்கக் கரைகளிலும் நுவரெலியா கிரகரி வாவியிலும் வள்ளம் இறக்குவோர் ஆயத்த வேலைகளை, வள்ளத்தை ட்ரெயிலரோடு நீருக்குள் இறக்கும் கொங்கிரீட் சரிவிலேயே நின்று செய்வதுதான் அங்கு எழும் தகராறுகளில் பாதிக்குக் காரணம்.

பாதுகாப்பு அங்கி, எரிபொருள், துடுப்பு எல்லாவற்றையும் வரிசையில் காத்திருக்கும்போதே வள்ளத்தில் வையுங்கள். வள்ளத்தை ட்ரெயிலரோடு பிணைக்கும் பின்பக்கக் கட்டுப்பட்டிகளைக் கழற்றுவதும் வள்ளத்தின் வடிகால் துவார அடைப்பானை இறுக்குவதும் சரிவுக்கு மேலேயே முடிய வேண்டும். அடைப்பானை மறந்தால் நீர் புகுந்த வள்ளத்தை மீண்டும் ட்ரெயிலரில் ஏற்றி வடியவிட வேண்டும். பின்னால் நிற்கும் அத்தனை பேரும் காத்துக் கிடக்க வேண்டும். வள்ளத்தின் முன்பக்கத்தை ட்ரெயிலரோடு இழுத்துப் பிடிக்கும் வின்ச் பட்டியை மட்டும் வள்ளம் மிதக்கும் வரை தொடாதீர்கள். கழற்றினால் ட்ரெயிலரின் ஈரமான உருளைகளில் வழுக்கி வள்ளம் கொங்கிரீட்டில் விழுந்துவிடும்.

மிதந்ததும் ஒருவர் முன்கயிற்றைப் பிடித்து வள்ளத்தை ஓரத்துக்கு இழுக்கட்டும். மற்றவர் வாகனத்தை உடனே மேலே எடுக்கட்டும். இறக்கவும் ஏற்றவும் ஆட்கள் காத்திருந்தால் ஒன்று இறங்க, ஒன்று ஏற என்பதே நியாயம். ஏற்றியவர்கள் வள்ளத்தைக் கழுவுவதையும் மீன் பிரிப்பதையும் மேலே போய்ச் செய்யலாம்.

இருட்டிய பின் காத்திருப்பவர்கள் முன்விளக்கை அணையுங்கள். கண் கூசினால், பின்னோக்கி இறக்குபவருக்கு ட்ரெயிலர் எந்தப் பக்கம் திரும்புகிறது என்றே தெரியாது.

காசல்ரீயும் மவுஸ்ஸாகலையும் மின்னுற்பத்திக்கானவை. வறட்சியில் நீர் வெகுவாக இறங்கும். சரிவின் முடிவுக்கு அப்பால் சேறுதான். முதலில் நடந்து பாருங்கள். புதைந்த ஒரு சக்கரம் எல்லோருடைய காலைப்பொழுதையும் கெடுக்கும்.

அக்கரைக்குப் போகும் தோட்டத்து மக்களின் வள்ளம் வந்தால் வரிசை பாராமல் வழிவிடுங்கள். அவர்கள் வேலைக்கும் மருந்துக்கும் போகிறார்கள்.

வாசகர்,
மஸ்கெலியா