ரெபெக்கா பூன் பற்றி எழுத உதவிய எல்லோருக்கும்

கென்டக்கியில் குடியேற வழி திறந்த 18-ஆம் நூற்றாண்டு அமெரிக்க வேட்டைக்காரர் டேனியல் பூனின் மனைவி ரெபெக்காவைப் பற்றி நான் தமிழில் எழுதிவந்த நீண்ட கட்டுரை ஒருவழியாக முடிந்துவிட்டது. உதவியவர்களிடம் தனித்தனியாகச் சொன்னால் மனசு நிறையாது, நாலு பேர் அறியச் சொல்ல வேண்டும் என்றுதான் இந்த மடல்.

முதலில் நூலகத்தின் மைக்ரோஃபிலிம் பிரிவில் இருப்பவர்களுக்கு. பழைய குடியேறிகளின் கதைகளைத் திரட்டிய லைமன் டிரேப்பர் 1851-இல் மிசௌரிக்குப் போய், பூனின் கடைசி மகன் நேத்தனிடமும் மருமகள் ஆலிவிடமும் கேட்டு எழுதிய குறிப்புகள் விஸ்கான்சின் வரலாற்றுச் சங்கத்தில் இருக்கின்றன; அவற்றின் படச்சுருளை எனக்காக வரவழைத்தது இவர்கள்தான். அந்தப் பழைய கையெழுத்தை என்னோடு உட்கார்ந்து வரிவரியாகப் படித்த நண்பரே, உங்களுக்கு எப்படி நன்றி சொல்ல? ரெபெக்கா தன் கதையை எழுதி வைக்கவில்லை. ஆலிவ் போன்றவர்கள் நினைவு வைத்துச் சொன்னதால்தான் அவருடைய நாட்கள் கொஞ்சமாவது நமக்குத் தெரிகின்றன.

பூன் குடும்பம் கென்டக்கியில் குடியிருந்த பூன்ஸ்பரோ கோட்டையை மறுபடி கட்டி வைத்திருக்கிறார்கள். அங்கே நெசவு செய்து காட்டும் அம்மாவுக்கும் நன்றி. ஆளி நார் இல்லாத காலத்தில் காட்டுச் செந்தட்டி நாரையும் பைசன் எருமையின் மயிரையும் சேர்த்து நெய்தார்கள் என்று படித்திருந்தேன், ஆனால் நூற்பது எவ்வளவு மெதுவான வேலை என்பது அவர் பக்கத்தில் நின்ற பிறகுதான் உறைத்தது. பத்துப் பிள்ளைகள் பெற்றவர் ரெபெக்கா, வீட்டுக்காரரோ வேட்டைக்குப் போனால் மாதக்கணக்கில் வரமாட்டார்! 1778 பிப்ரவரியில் உப்புக் காய்ச்சும் வேலைக்கு நடுவே ஷானி என்ற பூர்வகுடி வீரர்கள் டேனியலைப் பிடித்துக்கொண்டு போனார்கள், மாதங்கள் போயும் தகவல் இல்லை, இறந்துவிட்டார் என்றே நினைத்து ரெபெக்கா பிள்ளைகளோடு மலை தாண்டி வட கரோலினாவுக்குத் திரும்பிவிட்டார். ஜூனில் டேனியல் தப்பி வந்தபோது கோட்டையில் இருந்தது மகள் ஜெமைமாதான். என்னைக் கேட்டால், ரெபெக்காவின் அந்தப் பயணம் டேனியலின் எந்தச் சாகசத்துக்கும் குறைந்தது இல்லை.

அப்புறம், வரைவைப் படித்துவிட்டு ஷானிகளின் பக்கத்தையும் எழுதச் சொன்ன தோழிக்கு. 1768 ஃபோர்ட் ஸ்டான்விக்ஸ் உடன்படிக்கையில் ஓஹையோ ஆற்றுக்குத் தெற்கே இருந்த நிலத்தைப் பிரிட்டிஷாருக்கு எழுதிக் கொடுத்தவர்கள் இரோகுவா என்ற வேறு பூர்வகுடிகள்; அங்கே வேட்டையாடி வாழ்ந்த ஷானிகள் அதற்குச் சம்மதிக்கவே இல்லை. 1773-இல் ரெபெக்காவின் மூத்த மகன் ஜேம்ஸ் பூர்வகுடி வீரர்களால் கொல்லப்பட்டதை எழுதும் இடத்தில் இதையும் சொல்லாமல் விடுவது நியாயம் இல்லை. தோழி விடாமல் பேசியதால் அந்த அத்தியாயம் உருப்பட்டது.

1813 மார்ச்சில், மேப்பிள் சர்க்கரை காய்ச்சும் காலத்தில் நோய்ப்பட்டு, 74 வயதில் ரெபெக்கா இறந்தார். அதுவரைக்கும் வேலை ஓயவில்லை. கட்டுரையின் அச்சுப் பிரதி உங்கள் எல்லோருக்கும் வரும், நூலகத்துக்கும் ஒன்று தருகிறேன். அடுத்து ஜெமைமாவைப் பற்றி எழுதலாம் என்று இருக்கிறேன், அதற்கும் உங்களிடம்தான் வருவேன்.