மருத்துவமனை குறித்த முடிவுகளில் செவிலியர்களுக்கும் இடமளிக்கக் கோரும் மனு

அனுப்புநர்:
அரசு மருத்துவமனைச் செவிலியர்கள்,
கன்னியாகுமரி மாவட்டம்.

பெறுநர்:
மாவட்ட ஆட்சியர் அவர்கள்,
நாகர்கோவில்.

பொருள்: மாவட்டத்தின் அரசு மருத்துவச் சேவைகளைத் திட்டமிடும் மாவட்ட நலவாழ்வுச் சங்கக் கூட்டங்களிலும், மருத்துவமனை நிர்வாகத்தைக் கவனிக்கும் நோயாளர் நலச் சங்கக் கூட்டங்களிலும் பணியிலுள்ள செவிலியர்களைச் சேர்த்துக்கொள்ளக் கோருதல் தொடர்பாக.

பார்வை: மேலதிகாரிகளுக்கு நாங்கள் முன்னர் அளித்த இரண்டு மனுக்கள் (பதில் வரவில்லை).

மதிப்பிற்குரிய ஐயா,

பேச்சிப்பாறை மலைக் குடியிருப்புகளிலிருந்தும் நீரோடி, கொல்லங்கோடு கடற்கரையிலிருந்தும் பிரசவத்துக்கு வரும் பெண்களின் நிலையைத் தாங்கள் அறிவீர்கள் என்பதால் அதை இங்கு விரித்துரைக்கவில்லை. அவர்களுக்கான முடிவுகள் எங்களிடம் ஒரு வார்த்தை கேட்காமலேயே எடுக்கப்படுகின்றன என்பதை மட்டும் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறோம்.

1. எங்கள் மருத்துவமனையில் பிரசவ அறையை ஒரு கட்டடத்திலும், பிரசவித்த தாய்மார்களின் வார்டை முற்றத்துக்கு அப்பால் வேறொரு கட்டடத்திலும் அமைத்து, இரவில் இரண்டையும் ஒரே செவிலியர் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று ஒரு கூட்டத்தில் முடிவாயிற்று. குழந்தை பிறந்த முதல் இரண்டு மணி நேரத்தில் பதினைந்து நிமிடத்துக்கு ஒரு முறை தாயின் நாடி, இரத்த அழுத்தம், கருப்பையின் இறுக்கம், உதிரப்போக்கு ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். ஐப்பசி மழையில் குடையைப் பிடித்துக்கொண்டு முற்றத்தைக் கடந்து இதைச் செய்கிறோம். ஒருநாள் இரவு, பிரசவ அறையில் குழந்தையின் தலை வெளிப்பட்டுக்கொண்டிருந்த வேளையில், வார்டிலிருந்து ஒரு பாட்டி நனைந்தபடி ஓடிவந்து, தன் மகளின் துணியெல்லாம் இரத்தம் என்றார். கையிலிருந்த குழந்தையை விட்டுவிட்டு எங்கள் செவிலியர் எப்படி ஓடுவார்? பணி மருத்துவர் விரைந்து வந்ததால் அந்தத் தாய் பிழைத்தார். பிழைத்துவிட்டதால் அந்த இரவு எந்த அறிக்கையிலும் இடம்பெறவில்லை. அந்தக் கூட்டத்தில் இரவுப்பணி பார்க்கும் ஒரு செவிலியர் இருந்திருந்தால் இந்த முற்றத்தைச் சுட்டிக்காட்ட ஒரு நிமிடம் போதுமாயிருந்திருக்கும்.

2. முடிவெடுக்கும் இடங்களில் செவிலியர்கள் இருக்க வேண்டும் என்று உலக சுகாதார அமைப்பே 2021–2025 ஆண்டுகளுக்கான செவிலிய வழிகாட்டு நெறிகளில் வலியுறுத்தியுள்ளது.

3. உலகச் செவிலியர் நாளான மே 12 அன்று எங்கள் கையில் மெழுகுவர்த்தியைக் கொடுத்து வாழ்த்துகிறார்கள். புளோரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையார் விளக்கை மட்டுமா ஏந்தினார்? கிரிமியப் போரில் வீரர்கள் எதனால் இறந்தார்கள் என்ற கணக்கை 1858-இல் வரைபடமாக்கி, பிரித்தானிய அரசை வாதாடி இணங்க வைத்தவர் அவர். அந்தப் பாதியை யாரும் எங்களுக்கு நினைவூட்டுவதில்லை.

4. களியக்காவிளை எல்லைக்கு அப்பால் கேரளத்தில் தனியார் மருத்துவமனைச் செவிலியர்கள் 2017-இல் வீதிக்கு வந்து போராடிய பிறகே, 2018-இல் கேரள அரசு அவர்களுக்குக் குறைந்தபட்ச ஊதியமாக 20,000 ரூபாயை அறிவித்தது. நாங்கள் வீதிக்கு வர விரும்பவில்லை. பிரசவ அறையை விட்டு வரவும் முடியாது. அதனால்தான் எழுதுகிறோம். எழுதினால் பதில் இல்லை. நேரில் சென்றால் "மேலிடத்து முடிவு" என்கிறார்கள். அந்த மேலிடத்தில் எங்களில் ஒருவர் உட்காரக் கூடாதா, ஐயா?

ஆகவே, மாவட்ட நலவாழ்வுச் சங்கத்தின் தலைவரான தாங்கள், அதன் கூட்டங்களுக்கும் நோயாளர் நலச் சங்கக் கூட்டங்களுக்கும் ஒரு மூத்த செவிலியரையும், இரவுப்பணியில் உள்ள ஒரு வார்டு செவிலியரையும் அழைக்க ஆவன செய்யுமாறு வேண்டுகிறோம். செவிலியர் கண்காணிப்பாளர் ஒருவரை மட்டும் அழைத்துவிட்டு எங்களை அழைத்ததாகக் கணக்குக் காட்டிவிட வேண்டாம் என்றும் வேண்டுகிறோம். வார்டு, பணிநேரம், பதிவேடு ஆகியவற்றை மாற்றும் எந்த ஆணைக்கும் முன்பு எங்கள் கருத்தை எழுத்தில் பெற வேண்டும். அடுத்த மழைக்காலத்துக்குள் அந்த வார்டுக்குத் தனியாக ஓர் இரவுச் செவிலியரை நியமிக்குமாறு மீண்டும் மன்றாடுகிறோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
செவிலியர்கள்.