கெட்டிமேளத்துக்குக் காத்திருக்கும் இசை

சிங்கப்பூர், புதன்கிழமை இரவு

அன்புள்ள மகளுக்கு,

ஞாயிற்றுக்கிழமை நீ தொலைபேசியில் சொன்னதையே மூன்று நாளாக நினைத்துக்கொண்டிருக்கிறேன். மருத்துவமனை வேலை முடிந்து வீடு திரும்பிய பிறகு, இரவு நேரங்களில், உன் மடிக்கணினியிலேயே வீடியோ கேம்களுக்கு இசையமைக்கத் தொடங்கப்போவதாகச் சொன்னாய். எங்கிருந்து தொடங்குவது என்று கேட்டாய். நான் வாய் திறப்பதற்குள் உன் பேருந்து வந்துவிட்டது. அந்தக் கேள்விக்குரிய விடை ஒரு பேருந்து வரும் நேரத்துக்குள் சொல்லி முடிக்கக்கூடியதன்று. அதோடு, பத்து ஆண்டுகள் வீணை கற்றவளாகிய நீ இந்த வேலையின் மிகக் கடினமான பகுதியை ஏற்கெனவே கற்றிருக்கிறாய் என்பதை உனக்கு விளக்க வேண்டும் என்றும் தோன்றியது. ஆகவேதான் எழுதுகிறேன்.

வாங்க வேண்டியவற்றை முதலில் சொல்லிவிடுகிறேன். அதில் நெடுநேரம் நிற்க வேண்டியதில்லை. உன்னிடம் இருக்கும் மடிக்கணினியே போதும். இசைப்பதிவு மென்பொருளாக ரீப்பரை எடுத்துக்கொள். அதை 60 நாள் முழுமையாகப் பயன்படுத்திப் பார்த்த பிறகு, தனியாள் உரிமத்தை 60 அமெரிக்க டாலருக்கு வாங்கலாம். அந்தச் செலவும் இப்போது வேண்டாமென்றால் எல்எம்எம்எஸ் என்ற மென்பொருள் முற்றிலும் இலவசம். இரண்டு ஸ்தாயி அளவுக்கு 25 விசைகள் கொண்ட சிறிய மிடி கீபோர்டு (எந்தச் சுரம், எவ்வளவு அழுத்தம் என்பதை எண்களாகக் கணினிக்குச் சொல்வது) ஒன்றையும், கம்பியுள்ள ஹெட்ஃபோன் ஒன்றையும் வாங்கு. கம்பியில்லாதது வேண்டாம், புளூடூத் வழியாக ஒலி காதுக்கு வந்து சேர்வதற்குள் விரல் அடுத்த சுரத்துக்குப் போயிருக்கும்.

இதே தாமதம் கணினிக்குள்ளும் உண்டு. இதைப் பற்றி மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனெனில் தாளஞானம் உள்ளவர்களைத்தான் இது அதிகம் குழப்பும். கணினி ஒலியைச் சிறுசிறு பொட்டலங்களாகச் சேர்த்து அனுப்புகிறது. அந்தப் பொட்டலத்தின் அளவை மென்பொருளின் அமைப்புகளில் பஃபர் என்று குறித்திருப்பார்கள். ஒலியை வினாடிக்கு 44,100 முறை அளந்து எடுக்கும் மாதிரிகள் என்ற கணக்கில், 1,024 மாதிரிகள் கொண்ட பஃபர் ஏறக்குறைய 23 மில்லிவினாடித் தாமதத்தைத் தரும். 256 மாதிரிகள் கொண்டது 6 மில்லிவினாடிக்கும் குறைவாகத் தரும். நீ வாசித்துப் பதியும்போது 256க்குக் குறைத்துக்கொள். பல ட்ராக்குகளை, அதாவது தனித்தனிப் பதிவுகளை, சேர்த்துக் கலக்கும்போது மடிக்கணினி திணறாமலிருக்க 1,024க்கு உயர்த்திக்கொள். உன் கணினி விண்டோஸ் என்றால் இந்தத் தாமதத்தைக் குறைக்கும் ஏசியோ வகை டிரைவர் மென்பொருள் ஒன்றை நிறுவிக்கொள்ள வேண்டியிருக்கும். கை தாளத்தோடு ஒட்டவில்லை என்று தோன்றும் முதல் நாளில், உன்னைக் குறைசொல்லிக்கொள்வதற்கு முன்பு இந்த எண்ணைப் பார்.

இந்தக் கலைக்கும் நம் ஊருக்கும் உள்ள உறவையும் நீ அறிந்திருக்க வேண்டும். 1991ஆம் ஆண்டு, தேக்காவிலிருந்து நடந்துபோய், சிம் லிம் ஸ்குவேர் கடைத்தொகுதியில் நான் என் முதல் கணினியை வாங்கினேன். அக்காலத்துக் கணினிகள் பலவற்றில் ஒலி என்றால், ஒரு சமயத்தில் ஒரு சுரத்தை மட்டும் ‘பீப்’ என்று எழுப்பும் சிறு ஒலிபெருக்கிதான். அந்த நிலையை மாற்றியவற்றுள் முக்கியமானது, 1981இல் சைனாடவுனின் பேர்ல்ஸ் சென்டரில் சிம் வோங் ஹூ நண்பரோடு சேர்ந்து தொடங்கிய கிரியேட்டிவ் நிறுவனம் 1989இல் வெளியிட்ட சவுண்ட் பிளாஸ்டர் என்ற, கணினிக்குள் பொருத்தும் ஒலி அட்டை. யமஹா சில்லு ஒன்றின் உதவியால் ஒன்பது குரல்களை ஒரே நேரத்தில் எழுப்பவும், பதிவுசெய்த ஒலியை அதன் கூடவே இயக்கவும் அந்த ஓர் அட்டையால் முடிந்தது. உலகின் பல மூலைகளில் விளையாட்டுகளை உருவாக்கியவர்கள் இந்தச் சிறு தீவில் பிறந்த அட்டையை மனத்தில் வைத்துத் தங்கள் இசையை எழுதினார்கள். ஹார்மோனிகா வாசிப்பதில் பிரியம் கொண்ட சிம் வோங் ஹூ 2023 ஜனவரியில் காலமானபோது, நான் அலமாரியிலிருந்து என்னுடைய பழைய சவுண்ட் பிளாஸ்டர் அட்டையை எடுத்துத் துடைத்து வைத்தேன். நீ சிறு பிள்ளையாக இருந்தபோது அதை வீடுகள் நிறைந்த ஊர் என்று சொல்லி விளையாடுவாய்.

இனி முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். திரைப்படத்துக்கு இசையமைப்பவருக்குக் காட்சி எத்தனை நிமிடம், எத்தனை வினாடி என்று தெரியும். வீடியோ கேமுக்கு இசையமைப்பவருக்கு அது தெரியாது. ஆடுகிறவர் ஒரு கதவின் முன்னால் அரை நிமிடம் நிற்கலாம், வழி தெரியாமல் நாற்பது நிமிடமும் நிற்கலாம். அதுவரை இசை அலுக்காமல் ஓட வேண்டும். கதவு திறந்த கணத்தில் தடுமாறாமல் மாற வேண்டும். இந்த வேலையின் சாரம் முழுவதும் இந்த இரண்டில் அடங்கியிருக்கிறது என்பது என் உறுதியான எண்ணம். ஒலிகளின் தரம், விலையுயர்ந்த கருவிகள் எல்லாம் இதற்குப் பின்னால் வருபவை.

இதை நான் கற்றது கணினியிலிருந்து அன்று. சிராங்கூன் சாலைக் கோயிலொன்றில் நாகசுரம் வாசித்த உன் பெரிய தாத்தாவுக்குப் பக்கத்தில், பள்ளி விடுமுறை நாட்களில், நான் சுருதிப்பெட்டியோடு உட்கார்ந்திருக்கிறேன். கல்யாணங்களில் முகூர்த்தம் நெருங்கும்போது அவர் கீர்த்தனை எதையும் எடுக்கமாட்டார். ராக ஆலாபனைதான் செய்வார். ஒரு நாள் காரணம் கேட்டேன். கீர்த்தனையை எடுத்தால் பல்லவிக்குத் திரும்பியாக வேண்டும், ஐயர் அதற்காகக் காத்திருக்கமாட்டார், ஆலாபனை என்றால் எந்த மூச்சிலும் சட்ஜமத்திலோ பஞ்சமத்திலோ வந்து இறங்கிவிடலாம் என்றார். வாசிக்கும்போது அவர் கண் முழுவதும் ஐயரின் கையில்தான் இருக்கும். ‘கெட்டிமேளம், கெட்டிமேளம்’ என்ற குரல் எழுந்ததும், அவர் எந்தச் சுரத்தில் இருந்தாலும், தவில்காரர் ஒரே அடியில் உள்ளே புகுந்துவிடுவார். ஆலாபனை வெட்டுப்பட்டதே யாருக்கும் தெரியாது. அந்த வெட்டைத் தவில் மூடிவிடும். தாலி கட்டி முடிந்ததும் மேளம் தணிந்து, அதே ராகம் சற்று மகிழ்ச்சியான நடையில் மறுபடி தொடங்கும்.

வீடியோ கேம் இசையில் செய்வதும் இதுதான். 1991இல் லூகாஸ்ஆர்ட்ஸ் என்ற அமெரிக்க வீடியோ கேம் நிறுவனத்தில் மைக்கேல் லேண்டும் பீட்டர் மெக்கானலும் ஐமியூஸ் என்ற முறையை உருவாக்கினார்கள். ஆடுகிறவரின் செயலுக்கேற்ப இசை பொருத்தமான இடம் பார்த்து வேறொரு பகுதிக்குத் தாவ அது வழிசெய்தது. ஐயரின் கையைப் பார்த்துக்கொண்டிருக்கும் நாகசுரக்காரரைக் கணினிக்குள் உட்கார வைத்தார்கள் என்று நான் அதைப் புரிந்துகொண்டேன். இன்று எஃப்மாட், வைஸ் ஆகிய மென்பொருள்கள் அந்த வேலையைச் செய்கின்றன. சிறிய அளவிலான படைப்புகளுக்கு அவற்றைக் கட்டணமின்றிப் பயன்படுத்தலாம். ஆனால் முதல் ஆறு மாதத்துக்கு அவை உனக்கு வேண்டாம். முதலில் ஒரே ஒரு நல்ல லூப், அதாவது முடிந்ததும் தானே மறுபடி தொடங்கி ஓடும் இசைத்துண்டு, செய்யக் கற்றுக்கொள்.

லூப் என்பது நம் தாளத்தின் ஒரு முழுச் சுற்றாகிய ஆவர்த்தனம்தான். கணக்கைப் பார்: நிமிடத்துக்கு 120 துடிப்பு என்ற வேகத்தில், நான்கு துடிப்பு கொண்ட அளவுகள் எட்டு சேர்ந்தால் 16 வினாடி. பத்து நிமிடம் ஆடுகிறவர் அதை 37 முறைக்கு மேல் கேட்பார். அளவுகளை 64 ஆக்கினால் 2 நிமிடம் 8 வினாடி. அதே பத்து நிமிடத்தில் ஐந்து முறைகூட வராது. நீளம் மட்டும் போதாது, சுற்று முடிந்து தொடங்கும் இடம் காதில் உறுத்தக்கூடாது. புதிதாகத் தொடங்குகிறவர்கள் லூப்பின் முதல் துடிப்பிலேயே மெட்டைத் தொடங்கி, அங்கேயே ஒரு சிம்பலையும் தட்டி, கடைசி அளவில் அழகாக முடித்தும் வைக்கிறார்கள். அந்த முடிப்புதான் கேட்கிறவரை ஒவ்வொரு சுற்றிலும் தட்டி எழுப்புகிறது. நீ அப்படிச் செய்யாதே. தாளத்தின் முதல் அடியாகிய சமத்திலிருந்து அரை இடமோ முக்கால் இடமோ தள்ளி எடுப்பு வைத்துப் பாடிப் பழகியவள் நீ. மெட்டையும் அப்படியே தள்ளித் தொடங்கு. கடைசி இசைத்தொடர் சமத்தைத் தாண்டி அடுத்த சுற்றுக்குள் போய் முடியட்டும். மிகவும் கவர்ச்சியான சங்கதியைச் சுற்றுக்கு ஒரு முறைக்கு மேல் வைக்காதே.

இன்னொரு சிக்கலும் இருக்கிறது. ரிவெர்ப், அதாவது அறைக்குள் ஒலிப்பது போன்ற எதிரொலி, சேர்த்த ஒலியின் வால் லூப்பின் முடிவில் வெட்டுப்பட்டு, சுற்று திரும்பும்போது ஒரு விக்கல் கேட்கும். இதற்கு, லூப்பை இரண்டு முறை தொடர்ந்து ஓடவிட்டு, இரண்டாவது சுற்றை மட்டும் கோப்பாக எடு. முதல் சுற்றின் வால் அதன் தொடக்கத்தில் வந்து சேர்ந்திருக்கும். கோப்பையும் எம்பி3 வடிவத்தில் எடுக்காதே. அந்த வடிவம் தொடக்கத்திலும் முடிவிலும் சிறிது மௌனத்தைச் சேர்த்துவிடும். ஓஜிஜி அல்லது வேவ் வடிவத்தில் எடு.

அது கைவந்த பிறகு அடுக்குகளுக்குப் போ. ஒரே சுருதியில், ஒரே வேகத்தில், ஒரே நீளத்தில் மூன்று கோப்புகள் செய்: முதலாவதில் நீண்ட சுரங்கள் மட்டும், இரண்டாவதில் மெட்டு, மூன்றாவதில் தாளம். மூன்றும் ஒன்றாகவே ஓடிக்கொண்டிருக்கும். ஊருக்குள் நடக்கும்போது முதலாவது மட்டும் கேட்கும், ஆபத்து நெருங்கும்போது மற்றவற்றின் ஒலியளவு உயரும். இதற்கு மிகப் பெரிய வசதிகள் தேவையில்லை என்பதற்கு, 1978இல் வந்த ஸ்பேஸ் இன்வேடர்ஸ் என்ற விளையாட்டு சான்று. அதில் இறங்குமுகமான நான்கே சுரங்கள்தான் திரும்பத் திரும்ப வரும். எதிரிகள் நெருங்க நெருங்க அவற்றின் காலப்பிரமாணம் விரைந்துகொண்டே போகும்; ஆடுகிறவரின் நெஞ்சும் கூடவே படபடக்கும்.

பயிற்சிக்கு ஒரு கட்டுப்பாட்டை நீயே விதித்துக்கொள். பழைய நின்டெண்டோ கருவியின் ஒலிச்சில்லில் இரண்டு பல்ஸ் அலைக் குரல்கள், ஒரு முக்கோண அலைக் குரல், இரைச்சல் எழுப்பும் ஒரு குரல், பதிவொலிக்கு ஒன்று என மொத்தம் ஐந்தே இருந்தன. பதிவொலியை விட்டுவிட்டு மற்ற நான்கை மட்டும் வைத்து மாதம் இரண்டு லூப் செய். பாட்டு, வயலின், தம்புரா, மிருதங்கம் என்ற நான்கில் ஒரு முழுக் கச்சேரியைக் கேட்டு வளர்ந்தவளுக்கு நான்கு குரல் குறைவாகத் தோன்றாது. ஒவ்வொரு சுரத்தின் அழுத்தத்தையும் மிடி 127 வரை எண்ணாகக் குறிக்கும். எல்லாவற்றையும் ஒரே எண்ணில் விட்டுவிடாதே. எந்த மிருதங்கக்காரரும் எல்லா அடியையும் ஒரே அழுத்தத்தில் அடிப்பதில்லை.

சுரத்தை அசைத்து வாசிக்கும் கமகம் பற்றி நீ நிச்சயம் கேட்பாய். சுரத்தை மேலும் கீழும் வளைக்கும் மிடியின் சுரவளைவு 16,384 படிகள் கொண்டது. வழக்கமாக மேலே இரண்டு அரைச்சுரமும் கீழே இரண்டு அரைச்சுரமும் வளையும். தோடி ராகத்தின் காந்தாரம் ரிஷபத்துக்கும் மத்தியமத்துக்கும் இடையே அசைய அந்த இடம் சரியாகப் போதும். ஆனால் சுட்டியால் வரைந்த அசைவில் உயிர் இருப்பதில்லை. நான் பல மாதம் முயன்று பார்த்திருக்கிறேன். உன் வீணையையே ஒரு மைக் வைத்துப் பதிவுசெய். பாலைவனம் வந்தால் சித்தார், கோயில் வந்தால் தபலா என்று ஆயத்த ஒலிகளை ஒட்டவைத்து நம் இசையை ஒரு அடையாள அட்டையாக ஆக்கிவிடும் பழக்கம் பரவலாக இருக்கிறது. உனக்கு அது தேவையில்லை. ராகத்தை அதன் போக்கில் பயன்படுத்து, விண்வெளியில் நடக்கும் கதையாக இருந்தாலும் சரி.

ஆறு மாதம் கழித்து, குளோபல் கேம் ஜாம் போன்ற நிகழ்ச்சி ஒன்றில் சேர்ந்துகொள். 2009 முதல் ஆண்டுதோறும் உலகின் பல ஊர்களில் நடக்கிறது; பொதுவாக 48 மணி நேரத்தில் ஒரு விளையாட்டைச் செய்து முடிப்பார்கள். நிரல் எழுதுகிறவர்களும் படம் வரைகிறவர்களும் அங்கே இசைக்கு ஆள் தேடிக்கொண்டிருப்பார்கள். யாருக்குச் செய்து கொடுத்தாலும், நண்பர்களாகவே இருந்தாலும், இசையின் உரிமை யாரிடம் இருக்கும், எங்கெல்லாம் பயன்படுத்தலாம் என்பதை ஒரு பக்கத்தில் எழுதி இருவரும் கையொப்பமிடுங்கள். 1990களில் நான் ஒருவருக்கு விளம்பர இசை செய்து கொடுத்து 200 வெள்ளி வாங்கினேன். எழுத்தில் எதுவும் இல்லை. அதே மெட்டை அடுத்த சில ஆண்டுகள் வேறு இடங்களில் கேட்டபோது என்னால் எதுவும் பேச முடியவில்லை. அது இன்றும் எனக்கு வருத்தம்தான்.

ஜூன் மாதம் நாங்கள் வரும்போது உன் வீணையைக் கொண்டுவருகிறோம். பெட்டிக்கு அம்மா புது உறை தைத்துக்கொண்டிருக்கிறாள். அதற்குள் கீபோர்டில் ஒரு லூப் செய்து அனுப்பு. இங்கே சமையலறையில் அதை ஒரு மணி நேரம் நிறுத்தாமல் ஓடவிடுகிறேன். எத்தனையாவது நிமிடத்தில் அம்மா அணைக்கச் சொல்கிறாள் என்பதை எழுதி அனுப்புகிறேன். அந்த நேரத்தைப் பார்த்து எங்கே மாற்ற வேண்டும் என்று நாம் இருவரும் பேசலாம்.

அன்புடன்,
அப்பா