துண்டு வெட்டுவதற்கு முன்

கொழும்பு

அன்பின் மச்சான்,

இங்கே நலம். நீயும் வீட்டாரும் உன் முதுகுவலியும் நலமென்று நினைத்துக்கொள்கிறேன்.

எங்கள் வைத்தியசாலையின் மனநலப் பிரிவுக்கு என்னைப் பொறுப்பாக்கிவிட்டார்கள். இரவுக் கடமையில் குறட்டை விட்டவனிடமா விடுதியை ஒப்படைத்தார்கள் என்று நம் நண்பன் சோடாப்புட்டி கேட்பான். அவனுக்கு முந்தி நீயே கேட்டுச் சிரித்துக்கொள். கடமைப் பட்டியல், லீவுச் சண்டை, 2022இற்குப் பின் வெளிநாடு போனவர்களின் வெற்றிடங்கள் எல்லாம் நீயும் அன்றாடம் படுகிற பாடுதான். அவற்றை எழுதித் தாளை வீணாக்கவில்லை.

என் தூக்கத்தைக் கெடுப்பது எங்கள் விடுதியல்ல, பொது மருத்துவ விடுதி. மாத்திரைகளை விழுங்கிவிட்டு வருகிற இளம் பிள்ளைகள் அங்கேதான் சேர்க்கப்படுகிறார்கள். பரசிற்றமோல் என்றால் நஞ்சை முறிக்கும் மருந்து ஏறத்தாழ ஒரு நாள் முழுவதும் நரம்பில் ஏறுகிறது. ஈரல் பரிசோதனை சரியாக வந்ததும், அடுத்த நோயாளி தரையில் பாய் விரித்துக் காத்திருப்பதால், துண்டு வெட்டி, அதாவது வீடு செல்லும் சீட்டைக் கொடுத்து, அனுப்பிவிடுகிறார்கள். மனநலப் பிரிவு பார்க்கவேண்டும் என்று கட்டிலோடு இருக்கும் நோயாளியின் குறிப்பேட்டில், அந்த ரிக்கற்றில், எழுதியிருக்கும். நாங்கள் போய்ச் சேரும்போது அந்தக் கட்டிலில் வேறொருவர் படுத்திருப்பார்.

போன கிழமை மட்டும் ஒரு பிள்ளையைத் தற்செயலாகப் பிடித்துவிட்டோம். மலையகத்திலிருந்து வந்து புறக்கோட்டைக் கடையொன்றில் வேலை செய்கிறவள். ‘தலைவலிக்கு மாத்திரை கூடுதலாகக் குடித்துவிட்டாள், வேறு பிரச்சினை இல்லை’ என்று ரிக்கற்றில் இருந்தது. விடுதியில் தமிழ் தெரிந்தவர் எவரும் இல்லாததால் அதைச் சிங்களத்தில் சொல்லிக் கொடுத்தவர் அவளுடைய சித்தி. அவள் மாத்திரை விழுங்கியதே அந்தச் சித்தியுடன் ஏற்பட்ட சண்டையில்தான் என்பது, எங்கள் தமிழ்த் தாதி திரையை இழுத்துவிட்டு அருகில் அமர்ந்து கேட்டபோதுதான் வெளியே வந்தது. தற்கொலை முயற்சி குற்றமல்ல என்று 1998இலேயே சட்டத்தை மாற்றியாயிற்று. ஆயினும் பொலிஸ் வரும் என்ற பயத்தில் சித்தி கடைசிவரை தலைவலியையே பிடித்துக்கொண்டிருந்தார்.

1995இல் நம் நாட்டில் தற்கொலை வீதம் லட்சத்துக்கு 47 அளவில் இருந்ததும் பிறகு பெருமளவு குறைந்ததும் உனக்கு நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை. அதில் பெரும் பங்கு கொடிய பூச்சிகொல்லிகளைத் தடைசெய்தவர்களுக்கே உரியது; மனநல மருத்துவர்களாகிய நாம் மாலைக்குக் கழுத்தை நீட்ட முடியாது. ஆனால், நஞ்சிலிருந்து தப்பி நம் கட்டிலுக்கே வந்து படுத்திருக்கும் பிள்ளை நம் பொறுப்பில்லையா? ஒருமுறை முயன்றவர் மீண்டும் முயலும் ஆபத்து வீடு திரும்பியதை அடுத்துவரும் காலத்தில் மிக அதிகம் என்று தெரிந்துகொண்டே, ஈரல் நன்றாக இருக்கிறது என்று வழியனுப்பி வைப்பது எனக்குப் பொறுக்கவில்லை.

ஆகவே, எங்களில் ஒருவர் பார்க்காமல் இத்தகையவர்களுக்குத் துண்டு வெட்டக்கூடாது என்று கூட்டத்தில் கேட்டேன். ‘கட்டில்களை உங்கள் வீட்டிலிருந்து கொண்டுவருவீர்களா?’ என்றார் மூத்த பொது மருத்துவர். அவர் கேட்டதில் நியாயம் இருந்தபடியால் எனக்குக் கோபமும் வரவில்லை, பதிலும் வரவில்லை. இறுதியில், சனி ஞாயிறு உட்பட, அவர்களுடைய காலைச் சுற்றுக்கு முன்பே எங்கள் வைத்திய அதிகாரி ஒருவர் அங்கே போவதென்றும், வீடு சென்றவர்களை ஒரு கிழமைக்குள் தொலைபேசியில் அழைப்பதென்றும் இணங்கினோம். அங்கொடை தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற உதவித் தொலைபேசி இலக்கத்தையும் துண்டிலேயே எழுதிக் கொடுக்கச் சொல்லியிருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் எழும்ப ஆளைக் கண்டுபிடிப்பதுதான் மீதி.

இனி உன்னுடைய பங்கு. உன் விடுதியில் தாதியர் கேட்பதற்கென்று நீ தமிழில் எழுதிவைத்த கேள்வித்தாளை உடனே அனுப்பு. உன் கையெழுத்தை இங்கே எவராலும் வாசிக்க முடியாது. தட்டச்சுச் செய்து அனுப்பு. யாழ்ப்பாணத்துப் பேச்சில் இருப்பதை மலையகப் பிள்ளைகளுக்கு விளங்கும்படி எங்கள் தாதி திருத்துவார். அதற்காக நீ கோபிக்கக்கூடாது.

அன்புடன்,
உன் பழைய அறைத்தோழன்